அயலார் மெட்டில் ஒரு துதி

முத்துஸ்வாமி தீட்சிதரைத் திருத்தலங்கள் தோறும் சென்று பாடியவராகவே நாம் அறிவோம். அயலாரின் இசைக்கு அவர் எவ்வளவு செவிகொடுத்தார் என்பது அத்துணை பேசப்படுவதில்லை.

1775இல் திருவாரூரில் பிறந்த தீட்சிதர், இளமையில் தந்தை இராமஸ்வாமி தீட்சிதருடன் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தார். அவர்களை ஆதரித்த முதலியார் குடும்பம் கிழக்கிந்தியக் கம்பனியுடன் தொடர்புடையது. அதனால் ஜோர்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்ட் வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. அயர்லாந்து, ஸ்கொட்லாந்து நாட்டுப்புற மக்களின் ஆடல் மெட்டுகளும் அவர் செவிக்கு எட்டின. துள்ளி நடக்கும் அத்தகைய மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் துதிகளை அமைத்தார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படும் இவை ஏறக்குறைய 40. கமகம் அதிகமின்றிச் சங்கராபரணத்தின் சுரங்களில் நேராகச் செல்பவை. ஆங்கிலேய மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டுங்கூட அவரிடம் தேவி துதியாயிற்று! ஆள வந்தவரின் இசையென்று அவர் வெறுக்கவுமில்லை, அதற்கு அடிமைப்படவுமில்லை. தம்பி பாலுஸ்வாமியோ மேலைத்தேய வயலினையே கற்று நம் இசைக்கு உரியதாக்கினார். இன்று அதுவின்றிக் கச்சேரி ஏது?

பின்னர் சிதம்பரநாத யோகியுடன் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கினார். இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து வளர்த்த வடநாட்டு இசை அங்கே அவருக்கு அறிமுகமாயிற்று. அவரது கீர்த்தனைகளின் நிதான நடையிலும், துவிஜாவந்தி, ஹமீர் கல்யாணி போன்ற இராகங்களை அவர் கையாண்ட விதத்திலும் அதன் சாயலைக் காணலாம். 1835இல் தீபாவளி நாளன்று எட்டயபுரத்தில் மறைந்தார்.

பூவரசங்குளத்தையும் அதனை அண்டிய ஊர்களையும் எண்ணியே இதனை எழுதுகிறோம். வவுனியா - மன்னார் வீதியை ஒட்டிய இப்பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்கின்றனர். போரினாலும், 1990இல் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதாலும், ஒருவர் பாட்டை மற்றவர் கேளாமலே பிள்ளைகள் பலர் வளர்ந்துவிட்டனர். கோயில் மேளம் ஒரு சாராருக்கும் றபான் மறு சாராருக்கும் என்றாகிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா (1924 - 1999) தம் மார்க்கத்தில் வழுவாது நின்றே கோயில்களில் நாதஸ்வரம் இசைத்தவர் என்பதை இரு சாராரும் நினைவிற் கொள்வது நன்று.

நோட்டுஸ்வரங்கள் இன்று பெரும்பாலும் சிறுவர்க்கான பாடங்களாகவே உள்ளன. அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், மெட்டு எங்கிருந்து வந்தது என்பதையும் கூறட்டும். அடுத்த ஊரில் என்ன பாடுகிறார்கள் என்று பிள்ளைகளே கேட்கக்கூடும்.