டாக்டர் அம்பேத்கார் சட்டசபைக்கு நின்ற வரலாறு

நம் இதழில் வெளிவரும் பெரியோர் வரலாறுகளின் வரிசையில் இத்திங்கள் டாக்டர் பீமராவ் அம்பேத்காரின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். இந்திய அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவர் என்னும் அளவில் அவரை அறியாத பள்ளிச் சிறுவனும் இலன். ஆயின், 1937ஆம் ஆண்டில் பம்பாய் மாகாணச் சட்டசபைத் தேர்தலில் அவர் தாமே ஒரு புதுக் கட்சி கண்டு, அபேட்சகராக நின்று, எக்கொள்கைகளை மக்கள் முன் வைத்தார் என்பதை அறிந்தோர் சிலரே. ஒரு வகுப்பின் பெயரால் கூடி அவ்வகுப்பின் நலம் நாடும் சங்கத்தாராகிய நாம் அப்பகுதியைச் சற்று நின்று நோக்குதல் தகும். அவர் பின்னே நின்ற மக்கள் பெரும்பாலும் ஒரே வகுப்பினர். அங்ஙனமிருந்தும் தம் கட்சிக்கு அவ்வகுப்பின் பெயரை அவர் சூட்டிலர்.

பீமராவ் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மத்திய இந்தியாவில் பட்டாளம் தங்கும் ஊராகிய மௌவில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதார். முன்னோர் ஊர், கொங்கண நாட்டு இரத்தினகிரி ஜில்லாவைச் சேர்ந்த அம்படவே. மகார் என்னும் தீண்டாதார் வகுப்பிற் பிறந்தமையால், பள்ளியில் வீட்டினின்று கொண்டுசென்ற சாக்கின்மேல் தனியே அமர்ந்து படித்தார். நீர்வேட்கை மிக்கபோதும் குழாயைத் தாமே தொடுதற்கில்லை. பள்ளி ஏவலாள் வந்து திறந்துவிட்டாற் குடிப்பார். அவன் வாராத நாளில் வேட்கையோடு வீடு திரும்புவார். ஆசிரியத் தொழில் புரியும் யான் இதனை எழுதுங்கால் நாணுகின்றேன்; அவரை ஒதுக்கி இருத்தியோரும் என் தொழிலினரே அல்லரோ!

1912ஆம் ஆண்டில் பி.ஏ. பட்டம் பெற்றார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவிப்பணத்தால் 1913இல் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக் கழகத்திற் பொருளாதார நூல் பயின்றார். 1917இல் பரோடாவில் உத்தியோகம் ஏற்கச் சென்றவர்க்குத் தங்க இடங்கொடுப்பார் அந்நகரில் இலர். பார்சி விடுதி ஒன்றில் வகுப்பை மறைத்துத் தங்கினார். அது வெளிப்படவே தடியேந்திய கூட்டத்தார் வந்து வெளியேற்றினர். பின்னர் இலண்டன் சென்று டி.எஸ்ஸி. பட்டமும் பாரிஸ்டர் பட்டமும் பெற்று மீண்டு, பம்பாயில் வழக்கறிஞராய் அமர்ந்தார். 1927இல் மகாடுக் குளத்தில் நீர் மொண்டதும், வட்டமேஜை மகாநாடுகளும், 1932இல் நிகழ்ந்த பூனா ஒப்பந்தமும் யாவரும் அறிந்தனவாதலின் விரிக்கின்றிலேன்.

1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம் மாகாணங்களுக்குச் சுயாட்சி அளித்தது. பம்பாய்ச் சட்டசபையின் 175 இடங்களில் 15 இடங்கள் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கு ஒதுக்கப்பட்டன. சொத்து, வரி, கல்வி இவற்றுள் ஒன்றேனும் உடையார்க்கே வாக்குரிமை. ஏழைகளிற் பெரும்பாலோர்க்கு அஃது இல்லை. ஒதுக்கப்பட்ட இடங்களும் தனித்தொகுதிகள் அல்ல. எல்லா வகுப்பு இந்துக்களும் கூடி வாக்களிக்கும் பொதுத்தொகுதியிலேயே அவை இருந்தன. ஒருபுறம் காங்கிரஸ் மகாசபை, பணமும் தொண்டரும் விடுதலைப் போரின் பெயரும் உடையதாய் நின்றது. மறுபுறம் முஸ்லிம் லீக்கும், நிலக்கிழாரும் செல்வரும் சார்ந்த சிறு கட்சிகளும் நின்றன. எவற்றினும் சேராத மூன்றாம் அணியாக, 1936ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அம்பேத்கார் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார்.

தீண்டாதார் கட்சி எனப் பெயரிடாது தொழிலாளர் கட்சி எனப் பெயரிட்டது எற்றுக்கு? வகுப்புப் பெயர் இட்டால், அதே வறுமையில் உழலும் பிற வகுப்புக் குடியானவனும் ஆலைத் தொழிலாளியும் அஃது எமக்கன்று என விலகுவர் என்பது அவர் கருத்து. நிலமில்லாக் கூலியாட்களிற் பெரும்பகுதியினர் தீண்டாதார். ஆதலின் கூலியாளின் நலம் பேணினால் தம் மக்கள் நலமும் அதனுள் அடங்கும் என்றும் கொண்டார். இதனால் சாதியை அவர் மறந்தார் என்றல் பொருந்தாது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பகுதியில் கூலி மிகுதி. ஆயின் நாடாவின் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தமையால், தீண்டாதார் வாய்பட்ட நூலைப் பிறர் தொடார் எனக் கூறி அப்பகுதிக்குள் அவர்களை விடுவதில்லை. உடன் உழைப்போனே வாயிலை அடைக்கும் இவ்விடத்தில் முதலாளியை மட்டும் எதிர்த்தாற் போதுமோ? பார்ப்பனியம், முதலாளித்துவம் ஆகிய இரண்டும் தொழிலாளர்க்குப் பகை என்று 1938இல் மன்மாடில் கூடிய இரயில்வேத் தொழிலாளர் மகாநாட்டில் அவர் வெளிப்படையாகவே கூறினார். முதலாவது சொல்லால் ஒரு வகுப்பாரை அன்று, சமத்துவத்தை மறுக்கும் மனப்பான்மையையே குறித்தார் என்பதும் ஈண்டு அறியற்பாலது.

கட்சியின் தேர்தல் அறிக்கை இன்று படிப்பினும் வியப்புத் தருவது. உழவர் வறுமைக்குக் காரணம் நிலம் துண்டு துண்டாகப் பிரிதலும், நிலத்தின்மேல் மக்கட்சுமை மிகுதலும் என்றது. பழைய தொழில்களைப் புதுப்பித்தும் புதியன தோற்றுவித்தும் அச்சுமையை இறக்கவேண்டும். அதற்குத் தொழிற்கல்வி பரவவேண்டும். மக்கள் நலத்துக்கு இன்றியமையாதவிடத்துத் தொழில்களை அரசாங்கமே உடைமையாக்கி நடத்தவேண்டும் என்றது. குத்தகைக் குடிகளை நிலக்கிழார் வெளியேற்றாவண்ணம் காத்தல், ஆலைகளில் வேலைநேரத்துக்கு வரம்பு, போதிய கூலி, சம்பளத்தோடு ஓய்வு, குறைந்த வாடகையில் தூய வீடுகள், இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வி இவையெல்லாம் அதனுட் கண்டவை. அறநிலையங்களின் மிகைப் பணத்தைக் கல்வி முதலியவற்றுக்குச் செலவிடலாம் என்றும் சொல்லியது. சிற்றூர்க்கு நூல் நிலையமும், மன்றமும், ஊர் ஊராய்ச் சென்று காட்டும் சினிமாவும் வேண்டும் என்று அறிக்கையில் எழுதியவரை என்னென்பது! குடிநீர்க்குளமே மறுக்கப்பட்டவர் நூல் நிலையத்தையும் மறந்திலர்.

இவற்றினும் அரியன இரண்டு. ஒன்று, கொங்கணத்தில் நிலவிய கோத் முறையை ஒழித்தல். கோத் என்பான் அரசாங்கத்துக்குக் குறித்த வரியைச் செலுத்திவிட்டு, உழுகின்றவனிடம் தான் வேண்டிய அளவு வாங்குவான். கூலியில்லா வேலையும் கொள்வான். இவன்கீழ் வருந்தியோர் மகார் மட்டும் அல்லர். குணபிகள், பண்டாரிகள், ஆக்ரிகள் முதலிய பல வகுப்பாரும் ஆவர். தொழிலாளர் கட்சி என்னும் பெயர் வெறும் முகமூடியா, மெய்யா என்பதை உரைக்கும் கட்டளைக்கல் இதுவே.

மற்றொன்று மகார் வதன். ஊர்ப்பணி செய்தற்காக மகார் குடும்பங்களுக்குப் பரம்பரையாகச் சிறு துண்டு நிலமும், அறுவடைக் காலத்தில் ஊரார் தரும் சிறிது தானியமும் உண்டு. அதற்கு ஈடாக, அரசாங்க ஊழியர் எந்நேரத்தில் அழைப்பினும் அக்குடும்பத்தில் ஒருவர் ஓடல் வேண்டும். இவ்வுரிமை ஓர் அடிமைமுறி எனக் கண்டு, 1928இலேயே மேல்நாளைய சட்டசபையில் இதனைத் திருத்த மசோதாக் கொணர்ந்தவர் அம்பேத்கார். தம் வகுப்பினருட் சிலர் அத்துண்டு நிலத்தைப் பெருமையாகப் பற்றிக்கொண்டிருந்தனர் என்பதை அறிந்தே அதனை ஒழிக்க முற்பட்டார். பிறர் கொடுமையை எதிர்த்துப் பேசிக் கைதட்டல் பெறுதல் எளிது. வாக்குக் கேட்கும் நாளில், தம்மவர் கைப்பற்றியுள்ள பழம்பொருளை விடுமாறு தம்மவரிடமே சொல்லுதல் அத்துணை எளிதன்று. சங்க மேடைகளிற் பேசிப் பழகிய அன்பர்கள் இதனை நன்குணர்வர்.

1936 நவம்பரில் அவர் ஐரோப்பா சென்று 1937 சனவரி நடுவிற்றான் திரும்பினார். எஞ்சியது ஒரு திங்களே. பம்பாய் நகரில் பைக்குலா, பரேல் பகுதியில் அவர் நின்றார். காங்கிரஸ் அபேட்சகர் பல்வங்கர் பாலு. இவர் சமார் வகுப்பினர். கிரிக்கெட்டுப் பந்தெறிவதில் நாடறிந்தவர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் குழுவில் ஆடியவர். இளமையில் அம்பேத்காரே இவரைப் போற்றிப் பேசியதுண்டு. பூனா ஒப்பந்தக் காலத்தில் நம் சென்னை எம். சி. இராஜாவோடு சேர்ந்து சமரசம் நாடியவரும் இவரே. தாழ்ந்தோர் எனப்பட்ட இருவரை ஒருவர்க்கொருவர் எதிராக நிறுத்திய தேர்தல் அது. முடிவில் அம்பேத்காருக்கு 13,245 வாக்குகளும் பாலுவுக்கு 11,225 வாக்குகளும் கிடைத்தன. பல இடமுள்ள தொகுதியில் வாக்காளர் தம் வாக்குகளையெல்லாம் ஒருவர்க்கே குவிக்கலாம் என்னும் முறை அம்மாகாணத்தில் இருந்தமையும் அவர்க்குத் துணையாயிற்று.

கட்சி நிறுத்திய 17 பேரில் 14 பேர் வென்றனர். ஒதுக்கப்பட்ட இடங்களில் 11, பொது இடங்களில் 3. மகாடுக் காலந்தொட்டு உடனின்ற அனந்தராவ் சித்ரே போன்ற மேல்வகுப்பினரும் இக்கட்சியில் உழைத்தனர். எனினும் உள்ளதை மறைத்தல் வரலாறாகாது. சமார், மாங் வகுப்பினரிடை அக்கட்சி வேரூன்றவில்லை. பெயர் தொழிலாளர் கட்சியாயினும் உயிர் மகார் மக்களிடமே இருந்தது.

வென்றபின் சொன்னதை மறந்தாரோ எனின், இல்லை. 1937 செப்டம்பர் 17ஆம் நாள் கோத் முறையை ஒழிக்கும் மசோதாவைச் சட்டசபையிற் கொணர்ந்தார். 1938 சனவரியில் பல வகுப்பு உழவர்கள் ஆயிரக்கணக்கில் பம்பாய்த் தெருக்களில் ஊர்வலம் வந்து முதல் மந்திரி பி. ஜி. கேரிடம் முறையிட்டனர். வேலைநிறுத்த உரிமையைக் குறுக்கிய தொழிற்றகராறு மசோதாவை எதிர்த்து, அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள், தாம் முன்னர்க் குறைகூறிய பொதுவுடைமையாளரோடும் கைகோத்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார். மசோதா சட்டமாயிற்று. அவருடைய கோத் மசோதாவோ நிறைவேறவில்லை.

1942இல் கிரிப்ஸ் தூது வந்தபோது, வகுப்புப் பெயரால் நில்லாதார் குரல் செவியேறாது எனக் கண்டார். அவ்வாண்டு நாகபுரியில் ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனம் தோன்றியது. தொழிலாளர் கட்சி மறைந்தது. இதனை அவர் தோல்வி என்பாரும் உளர். காலம் கற்பித்தது என்பாரும் உளர். எனக்கோ இரண்டும் முழுதும் பொருந்துவனவாகத் தோன்றவில்லை. பொதுப்பெயரோடு அவர் கைநீட்டினார். மறுபுறத்தினின்று நீண்ட கைகள் மிகச் சில. ஒருவன் தன் வகுப்பைக் கடந்து வெளிவருதற்கு அவன் துணிவு மட்டும் போதாது; வெளியே நிற்போரும் இடம் விடுதல் வேண்டும்.

அதே 1942இல் வைசிராயின் நிர்வாக சபையில் தொழில் இலாகாவை ஏற்றார். அறிக்கையில் எழுதிய வேலைநேர வரம்பு, 1946ஆம் ஆண்டு ஆலைச் சட்டத் திருத்தத்தில் வாரத்துக்கு 48 மணி என்று வடிவு பெற்றது. கோத் முறை 1949ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டத்தால் ஒழிந்தது. 1952இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் பம்பாய் வடக்குத் தொகுதியில் நின்று தோற்றார். 1956 டிசம்பர் 6ஆம் நாள் தில்லியில் மறைந்தார். மகார் வதன் நீங்கியது அதன்பின், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால்.