மார்கிரட் வேட்: கல்லூரி இழந்த ஆட்டக்காரி

ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் மிகச் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்தாட்ட வீராங்கனைக்கு ஒரு கிண்ணம் வழங்கப்படுகிறது. 1978 முதல் வழங்கப்படும் அதன் பெயர் வேட் கிண்ணம். அந்த மார்கிரட் வேட்டைப் புகழ்பெற்ற பயிற்றுநராகவே இரசிகர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவரும் ஒரு காலத்தில் கல்லூரி ஆட்டக்காரியாக இருந்தவர், அந்த ஆட்டம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். பெண்கள் பாடசாலை ஒன்றின் நூற்றாண்டு மலரில் எழுத வேண்டிய கதை அதுதான் என்று எனக்குப் பட்டது.

மிசிசிப்பி மாநிலத்தின் மக்கூல் என்ற சிற்றூரில் 1912 டிசம்பரில் அவர் பிறந்தார். கிளீவ்லண்ட் நகரில் (ஒகையோவில் உள்ள பெருநகர் அல்ல, பருத்தி விளையும் மிசிசிப்பிச் சமவெளியின் சிறு நகர்) ஆசிரியர் பயிற்சிக்கென அமைந்த டெல்டா ஸ்டேட் கல்லூரியில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் அணியில் ஆடினார். அக்காலத்துப் பெண்கள் விதிகளின்படி ஆடுகளம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். தன் பகுதிக் கோட்டைத் தாண்டி ஓட ஒருத்திக்கும் அனுமதி இல்லை. வலைப்பந்தாட்டம் ஆடிய நமக்கு இது புதினமல்ல. அதுவும் ஆதியில் கூடைப்பந்தாட்டத்திலிருந்து பிரிந்து வந்த விளையாட்டுத்தானே.

இவ்வளவு கட்டுப்பாடும் போதாதென்று, 1930களின் தொடக்கத்தில் கல்லூரி நிர்வாகம் பெண்கள் அணியையே கலைத்துவிட்டது. இளம் பெண்களின் உடலுக்கு இந்த ஆட்டம் மிகக் கடினமானது என்பதே சொல்லப்பட்ட காரணம். பிள்ளைகள் அழுதார்கள். பின்னர் தங்கள் சீருடைகளை ஒன்றாகக் குவித்துத் தீ வைத்தார்கள். அதற்கு மேல் அவர்களால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

வைத்தியர் என்ற முறையில் இங்கே ஒரு வார்த்தை. ஓடியாடினால் கர்ப்பப்பை இடம் மாறும், பின்னாளில் பிள்ளைப்பேறு சிரமமாகும் என்ற அச்சம் அக்காலத்தில் மருத்துவர்கள் சிலரிடமே இருந்தது. சான்று எதுவும் இல்லாத அச்சம் அது. பெரிய பிள்ளையான பிறகு விளையாட விடலாமா என்று கேட்கும் தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். தாராளமாக விடலாம். வளரும் வயதில் ஓடிக் குதித்து விளையாடும் பெண்ணின் எலும்பு உறுதியாகிறது. முதுமையில் அந்த உறுதி அவளுக்குக் கைகொடுக்கிறது.

1933இல் பட்டம் பெற்ற மார்கிரட், இரண்டு ஆண்டுகள் டூப்பிலோ நகரின் ஓர் அணிக்கு ஆடினார். முழங்காலில் ஏற்பட்ட காயம் அதையும் முடித்து வைத்தது. பிறகு உயர்தரப் பாடசாலைகளில் ஆசிரியையாகவும் பயிற்றுநராகவும் இருந்தார். கிளீவ்லண்ட் பாடசாலையில் மட்டும் பத்தொன்பது ஆண்டுகள். 1959இல் பயிற்றுவிப்பை நிறுத்திவிட்டு, தன் அணியைக் கலைத்த அதே கல்லூரிக்கு உடற்கல்வி விரிவுரையாளராகத் திரும்பினார். அங்கே பெண்கள் அணி அப்போதும் இல்லை. அந்த ஆண்டுகளில் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கல்வி நிலையங்களில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக்கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் 1972இல் வந்தது. அடுத்த ஆண்டு டெல்டா ஸ்டேட் பெண்கள் அணியை மீண்டும் தொடங்கி, பொறுப்பை மார்கிரட்டிடம் ஒப்படைத்தது. அவருக்கு அப்போது வயது 60. மற்றவர்கள் ஓய்வூதியத்தைக் கணக்குப் பார்க்கும் வயது. இரண்டாவது பருவத்தில் ஆடிய 28 ஆட்டங்களிலும் அவருடைய அணி வென்றது. அந்த 1975ஆம் ஆண்டின் தேசிய இறுதியாட்டத்தில், முந்திய மூன்று ஆண்டுகளும் வெற்றிவாகை சூடிய இமாகுலட்டா கல்லூரியை 90க்கு 81 என்று தோற்கடித்தது. 1976, 1977 ஆண்டுகளிலும் கிண்ணம் அவர்களுக்கே. இடையில் தொடர்ச்சியாக 51 ஆட்டங்கள் தோல்வியின்றிச் சென்றன. பெயர் தெரியாத சிறு நகர்க் கல்லூரிக்கு இது சாதாரண காரியமா?

அந்த அணியின் தூண் லூசியா ஹரிஸ். 6 அடி 3 அங்குல உயரம். அணியில் இருந்த ஒரே கறுப்பினப் பெண். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்தாட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது முதற் புள்ளிகளைப் போட்டவர் அவரே. அவரும் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தார். 2022இல் அவர் மறைந்த இரண்டு மாதங்களில் அவரைப் பற்றிய குறும்படம் ஒஸ்கார் விருது பெற்ற பிறகே பலர் பெயரைக் கேட்டார்கள்.

மார்கிரட் 1979இல் ஓய்வு பெற்றார். 1985இல் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்தில் முதன்முதலாகப் பெண்கள் சேர்க்கப்பட்டபோது, அந்த மூவரில் அவரும் ஒருவர். 1995 பெப்ரவரியில் காலமானார். புகழ் மண்டபத்துக்கு அவரைக் கொண்டு சேர்த்தது பயிற்றுநர் என்ற தகுதியே. அவருடன் சீருடையை எரித்த தோழியருக்கு 1973இல் அறுபது வயதளவில் ஆகியிருந்தது. ஆடுகளம் மீண்டும் திறந்தபோது அவர்கள் இறங்கி ஆடும் காலம் கடந்துவிட்டது.