சொற்களுக்குத் துணை தேடித் தந்தவர்

மொழி என்பது தனித்தனிச் சொற்களின் குவியல் அன்று. கீரையை நாம் கிள்ளுகிறோம், பூவைப் பறிக்கிறோம், நெல்லை அறுக்கிறோம். நெல்லைக் கிள்ளினோம் என்று எவரேனும் கூறினால் நகைப்போம் அல்லவா? எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் துணை என்பதைத் தாய்மொழியில் நாம் அறியாமலேயே கற்றுவிடுகிறோம். பிறமொழியிலோ அதைத் தேடித்தான் கற்க வேண்டும். ஆங்கிலத்தில் அத்துணைகளைத் தேடித் தந்த பெருமகனாருள் ஒருவர் ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி.

இவர் 1898-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்தார். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பயின்றார். 1924-இல் ஜப்பான் சென்று ஓயிட்டா நகரில் ஆசிரியப் பணி ஏற்றார். ஆங்கில இலக்கியம் கற்பிக்கவே அவர் அழைக்கப்பட்டார். ஆனால் தம் மாணவர்களுக்கு முதலில் வேண்டியது மொழிப் பயிற்சியே என்பதை அவர் கண்டுகொண்டார்.

அந்நாளில் ஹரால்ட் பால்மர் என்னும் அறிஞர் 1923-இல் டோக்கியோவில் நிறுவிய ஆங்கிலக் கல்வி ஆய்வுக் கழகம் சிறந்து விளங்கியது. ஹார்ன்பி அதனுடன் இணைந்தார். சேர்ந்தே வழங்கும் ஆங்கிலச் சொற்களைத் திரட்டிக் கழகம் 1933-இல் வெளியிட்ட அறிக்கைக்கு அவரும் உழைத்தார்.

அவ்வுழைப்பின் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். தமிழில் வீட்டுப்பாடமும் செய்கிறோம், தவறும் செய்கிறோம். ஆங்கிலத்திலோ வீட்டுப்பாடத்துக்குத் துணை 'டூ'. தவறுக்குத் துணை 'மேக்'. ஆகவே, 'ஷீ டிட் ஹெர் ஹோம்வொர்க்' என்றும், 'ஷீ மேட் எ மிஸ்டேக்' என்றும் எழுதுகிறோம். பெருமழை 'ஹெவி ரெயின்'. பெருங்காற்று 'ஸ்ட்ராங் விண்ட்'. இவற்றை மாற்றி எழுதினால் பொருள் விளங்கலாம்; வாக்கியம் இயல்பாக இராது. இங்கு வழக்கே விதி.

கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகிய இருவருடன் சேர்ந்து ஹார்ன்பி 1937-இல் ஓர் அகராதியைத் தொகுக்கத் தொடங்கினார். சொல்லின் பொருளோடு, அதை வாக்கியத்தில் ஆளும் முறையையும் அது கற்பித்தது. பணி 1940-இல் முடிந்தது. மறு ஆண்டு டிசம்பரில் ஜப்பானுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டது. ஹார்ன்பி காவலில் வைக்கப்பட்டார். ஆயினும் அவ்வகராதி 1942-இல் டோக்கியோவிலேயே அச்சேறியது! பகைவரின் மொழி என்று அதை ஒதுக்காத அச்சகத்தாரையும் நாம் போற்ற வேண்டும்.

அவ்வாண்டே ஹார்ன்பி விடுதலை பெற்று ஜப்பானை விட்டு நீங்கினார். பின்னர் ஈரானில் பணியாற்றினார். 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அதே அகராதியை உலகுக்கு வழங்கியது. நம் நூலகங்களில் காணும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி அதன் வழிவந்ததே. அதன் பத்தாம் பதிப்பு 2020-இல் வெளிவந்தது.

நூலால் வந்த பொருளை அவர் தமக்கென்றே வைத்துக்கொள்ளவில்லை. 1961-இல் ஓர் அறக்கட்டளையை நிறுவி, பிற நாட்டு ஆங்கில ஆசிரியர்கள் உயர்பயிற்சி பெற உதவினார். 1978-இல் அவர் மறைந்தார்.

மாணவியரே! இனிப் புதிய ஆங்கிலச் சொல் ஒன்றைக் குறிப்பேட்டில் எழுதும்போது பொருளோடு நின்றுவிடாமல், அதன் துணைச்சொல்லையும் ஒரு வாக்கியத்தையும் சேர்த்தே எழுதுவோம். அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.