வேல்ஸ் நாட்டு வில்லியம் மார்கன்

இங்கிலாந்தின் சரித்திரத்தைக் கற்கும் நாம் 1588-ஆம் ஆண்டு என்றவுடன் ஸ்பானியரின் பெருங் கப்பற்படையையே நினைக்கின்றோம். அதே ஆண்டில், அதே எலிஸபெத் அரசியின் ஆட்சியில், வேல்ஸ் நாட்டு மக்களுக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. கப்பற்படை புயலிற் சிதறி மறைந்தது. புத்தகமோ அரசியலில் இடமிழந்து நின்ற ஒரு மொழிக்கு ஊன்றுகோலாய் நிலைத்தது. அதனை ஆக்கித் தந்த வில்லியம் மார்கன் என்னும் பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவோம்.

மார்கன் 1545-ஆம் ஆண்டில், வட வேல்ஸிலுள்ள பென்மாக்னோ என்னும் ஊரையடுத்த மலைப் பள்ளத்தாக்கொன்றில், குடியானவர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். அவர் தந்தையார் குவிடிர் என்னும் பெரும் பண்ணையைச் சார்ந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். அப்பண்ணையின் மாளிகையிலேயே மார்கன் இளமைக் கல்வி பெற்றார் என்பர். 1565-இல் கேம்பிரிட்ஜ் நகரத்துத் தூய யோவான் கல்லூரியிற் சேர்ந்து, இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் ஐயந்திரிபறக் கற்றுத் தேர்ந்தார். 1578-இல் லான்ரையாடர் என்னும் சிற்றூருக்குக் குருவானவராக வந்தமர்ந்தார்.

அந்நாளில் வெல்ஷ் மொழியின் நிலைமை யாது? 1536-ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்து, நியாயஸ்தலங்களில் ஆங்கிலமே வழங்க வேண்டுமென்றும், ஆங்கிலம் அறியாதார்க்கு உத்தியோகமில்லையென்றும் விதித்தது. மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு ஆங்கிலம் தெரியாது. பின்னர் 1563-இல், வேதாகமத்தையும் ஜெபப் புத்தகத்தையும் வெல்ஷ் மொழியில் ஆக்குமாறு பாராளுமன்றம் கட்டளையிட்டது. எனினும் கோயில்தோறும் ஆங்கில நூலையும் உடன் வைத்தல் வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு மக்கள் ஆங்கிலம் கற்றுக்கொள்ளல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கருத்து. ஆங்கிலத்தைப் பரப்பக் கருதிய அச்சட்டமே வெல்ஷ் மொழியை வாழ்வித்த விந்தையை இனிக் காண்போம்.

1567-இல் வில்லியம் சால்ஸ்பரி முதலியோர் புதிய ஏற்பாட்டை வெளியிட்டனர். சால்ஸ்பரி பெரும் புலவர். ஆயினும் சொற்களை ஒலிக்கும் வண்ணம் எழுதாது, இலத்தீன் மூலம் விளங்குமாறு எழுதினமையால், வாசிப்போர் இடர்ப்பட்டனர். பழைய ஏற்பாடோ ஆக்கப்படாமலே நின்றது. அக்குறையை நிறைவிக்க மார்கன் முன்வந்தார்.

அவர் அமைதியான சூழலில் இருந்து எழுதினாரல்லர். ஊரிலிருந்த செல்வர் ஒருவரோடு ஏற்பட்ட பகைமை வழக்குமேல் வழக்காய் வளர்ந்து, லண்டனிலிருந்த ஸ்டார் சேம்பர் நியாயஸ்தலம் வரை சென்றது. அங்கியின் கீழ்க் கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்னும் குற்றமும் அவர்மேற் சாட்டப்பட்டது. கைப்பொருள் குறைந்தது, துணை செய்வார் இல்லை. மோசேயின் ஐந்து ஆகமங்களோடு நிறுத்திவிடவும் எண்ணினார். கான்டர்பரிப் பேரத்தியட்சர் விட்கிஃப்ட் என்பவர் ஊக்கமளித்துப் பொருளுதவியும் புரிந்திராவிடில், வேலை அங்கேயே நின்றிருக்கும் எனப் பிற்காலத்தில் மார்கனே நன்றியோடு குறித்துள்ளார்.

அச்சுக் கோப்போர்க்கு வெல்ஷ் மொழி தெரியாதாகலின், மார்கன் ஏறக்குறைய ஓராண்டு லண்டனில் தங்கிப் பிழை திருத்தினார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத் தலைவரும் வேல்ஸ் நாட்டவருமான கேப்ரியல் குட்மன் அவருக்குத் தம் இல்லத்தில் இடமளித்தார். 1588 செப்டம்பரில் நூல் முடிந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன் ஒவ்வொரு சபையும் ஒரு பிரதி வாங்குமாறு அரசியின் ஆலோசனைச் சங்கத்தார் அம்மாதம் 22-ஆம் நாள் கடிதம் விடுத்தனர்.

இந்நூலின் சிறப்பு யாதெனின், மார்கன் ஒரு வட்டாரத்துப் பேச்சை மேற்கொள்ளாது, வேல்ஸ் நாட்டுப் பாணர் பன்னூறாண்டு பேணிய செந்நடையைத் தழுவி, அதனைப் பாமரரும் கேட்டுணரும் உரைநடையாக்கியதே. பாணரை ஆதரித்த பிரபுக்கள் ஆங்கிலத்தை நாடிச் சென்ற காலம் அது. பாணர் மரபு தேய்ந்தபோது, அவர் காத்த மொழி ஞாயிறுதோறும் கோயிலில் ஒலிக்கலாயிற்று.

மார்கன் 1595-இல் லாண்டாஃப் அத்தியட்சராகவும், 1601-இல் செயின்ட் அசாப் அத்தியட்சராகவும் உயர்ந்தார். உயர்ந்த பின்னும் ஓய்ந்தாரில்லை. புதிய ஏற்பாட்டைத் திருத்தி மீண்டும் அச்சுக்கு அனுப்பினார். 1603-இல் லண்டனிற் கொள்ளைநோய் பரவ, அக்கையெழுத்துப் பிரதி அக்குழப்பத்தில் அழிந்துபோயிற்று. இளமையிற் பழகிய குவிடிர்க் குடும்பத்தாரோடும் சபை வருமானத்தைப்பற்றி மாறுபட நேர்ந்தது. அவர் இணங்கிப் போகவில்லை. 1604 செப்டம்பர் 10-ஆம் நாள் செல்வமின்றியே உயிர் நீத்தார்.

ஆனால் அவர் நட்ட வித்து வீணாகவில்லை. 1620-இல் அந்நூல் திருத்தி வெளியிடப்பெற்றது. 1630-இல் 5 ஷில்லிங் விலையிற் சிறிய பதிப்பு இல்லங்களுக்கும் வந்தது. 1731 முதலாகக் கிரிஃபித் ஜோன்ஸ் என்பவர் ஊர்தோறும் நடத்திய சுற்றுப் பள்ளிகளில், குடியானவரும் முதியவரும் அதனையே பாடப் புத்தகமாகக் கொண்டு எழுத்தறிந்தனர். 1761-இல் அவர் இறக்குமுன் இவ்வாறு நடந்த பள்ளிகள் 3000-க்கு மேற்பட்டவை. 1536-இல் நியாயஸ்தலத்தினின்று விலக்கப்பட்ட அம்மொழி 2011-இல் வேல்ஸின் ஆட்சிமொழியெனச் சட்டத்தால் உறுதிசெய்யப்பட்டது.

மார்கன் அரசை எதிர்த்துக் கொடி பிடித்தவரல்லர். தம் நூலை அரசிக்கே காணிக்கையாக்கினார். ஆங்கிலம் பரவ வேண்டுமென்று சட்டம் வகுத்தோர் எண்ணினர். தம் மக்களுக்கு விளங்க வேண்டுமென்று அவர் எண்ணினார். இரண்டினுள் நிலைத்து நின்றது யாதென்பதைக் காலம் காட்டிற்று. கல்லூரியிற் கற்ற மும்மொழிப் புலமையைப் பட்டத்தோடு முடித்துக்கொள்ளாது, எழுத்தறியாத அயலார் காதில் விழும்படி செய்த அவ்வுழைப்பையே, கற்கும் நிலையிலுள்ள நாம் அவர் வாழ்விற் சிறப்பாய்க் கருதத்தக்கது.