எழுதவே தெரியாமல் முதல் புத்தகம்... அப்புறம் 115 நாவல்கள்! யார் இந்த வை.மு.கோதைநாயகி?

க்ரைம் நாவல் படிக்கிறதெல்லாம் வாசிப்புல சேருமா? பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கும் மாத நாவலைப் படிப்பவர் வாசகரா, இல்லையா? புத்தகக் கண்காட்சி நடக்கும் ஒவ்வொரு ஜனவரியிலும் இந்தச் சண்டை தவறாமல் வரும். ஒரு தரப்பு 'டைம் பாஸ்' என்று ஒதுக்கும். இன்னொரு தரப்பு, நாங்க படிக்க ஆரம்பிச்சதே இதுலதான் என்று மல்லுக்கு நிற்கும்.

இது நேற்று வந்த சண்டை இல்லை. 100 வருஷத்துக்கு முன்னாலும் சென்னையில் இதே சண்டை நடந்தது, இன்னும் கடுமையாக. அதன் நடுவில் நின்றவர் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒரு பெண். பெயர் வை.மு.கோதைநாயகி. அந்தக் காலத்து வாசகர்கள் வைத்த பெயர், 'நாவல் ராணி'.

*ஐந்து வயதில் கல்யாணம்*

1901 டிசம்பர் 1-ம் தேதி பிறந்தவர் கோதைநாயகி. கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட, உறவினர்கள்தான் வளர்த்தார்கள். அன்றைய வைணவ பிராமணக் குடும்பங்களின் வழக்கப்படி ஐந்தரை வயதில் கல்யாணம். மாப்பிள்ளை பார்த்தசாரதிக்கும் அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. புகுந்த வீடு சென்னை திருவல்லிக்கேணி.

பெயருக்கு முன்னால் இருக்கும் வை.மு. புகுந்த வீட்டு எழுத்துகள். தமிழ் படித்தவர்களுக்கு இந்த இரண்டு எழுத்தும் வேறு ஒரு இடத்திலும் பழக்கமாக இருக்கும். கம்பராமாயணத்துக்கு விரிவான உரை எழுதிய வை.மு.கோபாலகிருஷ்ணமாச்சாரியாரின் பெயரிலும் இதே வை.மு.தான். ஒரே முதலெழுத்து, ஒரு பக்கம் கம்பனுக்கு உரை, இன்னொரு பக்கம் துப்பறியும் நாவல்.

பள்ளிப் படிப்பு இல்லை என்பதால் கோதைநாயகி எதுவும் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். பாசுரங்கள், புராணக் கதைகள் எல்லாம் காதால் கேட்டே மனப்பாடம். நல்ல குரல் வளம், நன்றாகப் பாடுவார். கணவர் நாடகம் பார்க்க அழைத்துப் போவார். வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கும் குழந்தைகளை உட்கார வைத்து, கதைகளை அவரே கட்டிச் சொல்வார். இந்தப் 'பாட்டி கதை' பழக்கம்தான் பின்னால் அவருடைய எழுத்து நடையாகவே மாறியது.

*சொல்லச் சொல்ல எழுதிய தோழி*

நாடகங்கள் பார்த்த வேகத்தில் அவருக்கும் ஒரு நாடகம் தோன்றியது. ஆனால் கையில் பேனா பிடித்து வரிசையாக எழுதும் பழக்கம் கிடையாது. அப்போது கை கொடுத்தவர் தோழி பட்டம்மாள். கோதைநாயகி சொல்லச் சொல்ல, பட்டம்மாள் எழுதினார். அப்படி உருவானதுதான் 'இந்திர மோகனா' என்ற நாடகம். 1924-ல் புத்தகமாகவே வந்துவிட்டது. அந்தத் தோழியிடம்தான் அவர் எழுதவும் பழகினார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதல் புத்தகம் அச்சில் வந்த பிறகுதான் சரளமாக எழுதவே கற்றுக்கொள்கிறார் ஒரு எழுத்தாளர்! தமிழில் இப்படி இன்னொருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

*நாவல் படிச்சா கெட்டுப் போயிடுவாங்களா?*

அவர் எழுத வந்த காலம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழில் நாவல் என்றாலே பெரும்பாலும் துப்பறியும் கதைதான். ஜே.ஆர்.ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்', அவருடைய துப்பறிவாளர் கோவிந்தன், ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கில எழுத்தாளர்களைத் தழுவி ஆரணி குப்புசாமி முதலியார் எழுதிக் குவித்த கதைகள், வடுவூர் கே.துரைசாமி ஐயங்காரின் 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்', 'திகம்பர சாமியார்'. கொலை, ஆள்மாறாட்டம், காணாமல் போன உயில், மாறுவேஷம்... விற்பனை சக்கைப் போடு போட்டது.

படித்த பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அதிலும் பெண்கள் நாவல் படிப்பது பெரிய குற்றமாகவே பார்க்கப்பட்டது. வீட்டு வேலை கெடும், புத்தி கெடும், குடும்பம் கெடும். இப்போது செல்போன் பற்றிச் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே குற்றப்பத்திரிகை. பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே மிகச் சிலர் என்ற காலத்தில் இவ்வளவு பயம்!

படிக்கவே கூடாது என்று சொல்லப்பட்ட அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து, படிப்பதோடு நிற்காமல் அந்த மாதிரி நாவலை எழுதவும் ஆரம்பித்தார். கோதைநாயகியின் முதல் நாவல் 'வைதேகி'. அதுவும் துப்பறியும் கதைதான். பெரிய பெயர் வாங்கியிருந்த வடுவூரார் அவருக்குத் துணை நின்றார்.

*நின்றுபோன பத்திரிகையை வாங்கிய துணிச்சல்*

1925-ல் அவர் எடுத்த முடிவுதான் வாழ்க்கையின் திருப்புமுனை. நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்ற மாத இதழை வாங்கி, தானே ஆசிரியராக நடத்த ஆரம்பித்தார். வயது 24-கூட முழுதாக ஆகவில்லை. 'வைதேகி' அதில்தான் தொடராக வந்தது.

கதையை மாதாமாதம் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குழந்தைகளுக்குக் கதை சொன்னவர் இல்லையா, எந்த இடத்தில் நிறுத்தினால் அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பார்கள் என்பது அத்துப்படி. தொடர் முடிந்ததும் புத்தகமாகப் போடுவார்கள். பத்திரிகை, அச்சு, புத்தகம், விற்பனை என எல்லா வேலையிலும் பார்த்தசாரதி கூடவே நின்றார். மனைவி பெயர் வெளியில் தெரிந்தாலே கௌரவக் குறைச்சல் என்று நினைத்த காலத்தில், அட்டையில் மனைவி பெயரை அச்சடித்து விற்ற கணவர் அவர். இதைத் தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு பிரதி வாங்கினால் ஒருவர் மட்டும் படித்த காலமும் இல்லை அது. வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மத்தியான நேரத்தில் மற்ற பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். இன்றைய ஆடியோ புக் மாதிரிதான். காதால் கேட்டுக் கதை கற்றவரின் கதை, மறுபடியும் காது வழியாகவே போய்ச் சேர்ந்தது. அடுத்த இதழைப் படித்துக் காட்ட ஆள் இல்லை என்றால்? தானே எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதுதான்.

மர்மக் கதையில் ஆரம்பித்தாலும் அவர் அங்கேயே நிற்கவில்லை. விதவை மறுமணம், வரதட்சிணை, குடிப்பழக்கம், பெண் படிப்பு எல்லாம் கதைக்குள் வந்தன. மர்மம் வாசகியை உள்ளே இழுக்கும். உள்ளே வந்த பிறகு ஒரு பிரச்சினையைப் பற்றிப் பேசாமல் விடமாட்டார். மொத்தம் 115 நாவல்கள் எழுதியிருக்கிறார் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

*கதருக்கு மாறிய கதாசிரியை*

காந்தியின் தாக்கத்தில் பட்டும் நகையும் போய், கதர் வந்தது. காங்கிரஸ் கூட்டங்களில் பேசினார், பாடினார். பேச்சைக் கேட்கக் கூட்டம் கூடியதற்கு அரசியல் மட்டும் காரணம் இல்லை. நடுநடுவே அவர் சொல்லும் குட்டிக் கதைகளுக்காகவே வந்தவர்கள் உண்டு.

1930-களின் தொடக்கத்தில் மறியல் போராட்டங்களில் கைதாகி, சிறைக்கும் போனார். ஆசிரியர் ஜெயிலில் இருக்கிறாரே, இதழ் நின்றதா? இல்லை. வெளியே பார்த்தசாரதி பார்த்துக்கொண்டார். உள்ளே இருந்தபோதும் கோதைநாயகி எழுதுவதை விடவில்லை.

சினிமாவும் அவரைத் தேடி வந்தது. 1937-ல் 'ராஜமோகன்', 1938-ல் 'அநாதைப் பெண்' என அவருடைய நாவல்கள் படமாகின. பின்னாளில் பெரிய நிறுவனமாக வளர்ந்த ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரித்த படம்தான் இந்த 'அநாதைப் பெண்'.

*அப்புறம் ஏன் மறந்தோம்?*

இங்கேதான் அந்தப் பழைய சண்டை மறுபடி வருகிறது. 1933-ல் 'மணிக்கொடி' தொடங்கியது. புதுமைப்பித்தன், கு.ப.ராஜகோபாலன் போன்றவர்கள் சிறுகதையை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். எது இலக்கியம் என்பதற்கு அளவுகோல் மாறியது. அந்த அளவுகோலில் துப்பறியும் நாவலும் தொடர்கதையும் வெளியே நின்றன. இன்னொரு பக்கம் எஸ்.எஸ்.வாசனின் 'ஆனந்த விகடன்', அதில் கல்கியின் எழுத்து என்று வெகுஜன வாசகர்களுக்கும் புதிய ருசி கிடைத்துவிட்டது. தீவிர இலக்கியக்காரர்கள் கோதைநாயகியைக் கணக்கில் எடுக்கவில்லை. சாதாரண வாசகர்களும் மெல்ல மெல்ல வேறு இதழ்களுக்கு நகர்ந்தார்கள்.

விமர்சகர்கள் சொன்ன குறைகள் பொய்யும் இல்லை. நாவல்களில் நீளமான உபதேசங்கள் உண்டு. வில்லன் கடைசியில் திருந்திவிடுவான். பிரிந்தவர்கள் ஆச்சரியமான தற்செயலில் சந்திப்பார்கள். மணிப்பிரவாளம் கலந்த பேச்சு, இன்றைக்குப் படிப்பவரைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் புதுமைப்பித்தனோடு ஒப்பிட்டு அவரை ஒதுக்குவது, டவுன் பஸ் ஏன் விமானம் மாதிரி பறக்கவில்லை என்று கேட்பது போலத்தான். அந்த டவுன் பஸ் யாரை ஏற்றிக்கொண்டது என்பதையும் பார்க்க வேண்டும். அதுவரை எந்தப் புத்தகமும் ஏற்றிக்கொள்ளாதவர்கள் அவர்கள்.

இரண்டாம் உலகப் போர் அடுத்த அடி. காகிதத் தட்டுப்பாட்டில் பல பத்திரிகைகள் திணறின. 1942-ல் குண்டு விழும் என்ற பயத்தில் சென்னையே காலியானபோது, கோதைநாயகி குடும்பமும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் குடிபெயர்ந்தது. அங்கிருந்தும் ஜகன்மோகினி வேலை நடந்தது.

1956-ல் வந்த அடிதான் தாங்க முடியாதது. ஒரே மகன் சீனிவாசன் இறந்துபோனார். அதன்பிறகு கோதைநாயகி பழைய ஆளாக இல்லை. காசநோயும் சேர்ந்துகொண்டது. 1960 பிப்ரவரி 20-ம் தேதி, தாம்பரத்தில் சிகிச்சையில் இருந்தபோது உயிர் பிரிந்தது. சுமார் 35 வருஷம் ஒரு பெண் நடத்திய பத்திரிகையின் கதையும் அதோடு முடிந்தது.

*'சித்தி' பார்த்திருக்கீங்களா?*

ராதிகா நடித்த சீரியல் இல்லை. கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் இயக்கத்தில் பத்மினி, எம்.ஆர்.ராதா, ஜெமினி கணேசன் நடித்து 1966-ல் வந்த படம். வீட்டில் இருக்கும் தாத்தா, பாட்டியிடம் கேட்டால் உடனே கதை சொல்வார்கள். குடும்பக் கஷ்டத்துக்காகக் காதலை விட்டுவிட்டு, ஒரு முரட்டு மனிதருக்கு இரண்டாம் தாரமாகப் போகும் பெண்ணின் கதை. படம் பெரிய வெற்றி.

அதன் மூலக்கதை கோதைநாயகியின் 'தயாநிதி' நாவல். அவர் இறந்து ஆறு வருஷம் கழித்துத் திரைக்கு வந்தது. டிவியில் அந்தப் படத்தை இன்றைக்கும் பார்ப்பவர்களில், டைட்டிலில் ஓடும் கதாசிரியர் பெயரைக் கவனிப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இன்னொரு தகவல். இந்தியச் சட்டப்படி ஒரு எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் முடிந்தால் நூல்களின் காப்புரிமை காலாவதியாகிவிடும். கோதைநாயகியின் நூல்களுக்கு அது 2020-ம் ஆண்டு இறுதியோடு முடிந்துவிட்டது. 'வைதேகி'யை இனி யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், மின்நூலாக்கலாம், மத்தியானத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்து ஆடியோவாகவும் வெளியிடலாம்.