ஒற்றை முனைக் காந்தமும் மேகநாத் சாகாவும்



ஒரு சட்டக் காந்தத்தை இரண்டா உடைச்சா, வடமுனை தனியா, தென்முனை தனியா வந்திடுமா? வராது. ஒவ்வொரு துண்டும் இரண்டு முனையுள்ள முழுக் காந்தமாகிவிடும். எத்தனை துண்டாக்கினாலும் அதே கதைதான். மின்சாரம் அப்படி இல்லை. நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் தனித்தனியாகவே இருக்கும். காந்தத்துக்கு மட்டும் ஏன் ஒற்றை முனை இல்லை? இந்த விஷயத்தில் அழகான ஒரு கணக்குப் போட்டவர் நம் நாட்டு விஞ்ஞானி மேகநாத் சாகா.

சாகா 6.10.1893 அன்று, இன்று வங்கதேசத்தில் உள்ள டாக்கா அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா சின்னக் கடை வைத்திருந்தார். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. ஆரம்பப் பள்ளி முடிந்ததும் பையன் கடையைப் பார்க்கட்டும் என்பதே அப்பாவின் எண்ணம். படிப்பை நிறுத்திட்டு வலைக்குப் போன அண்ணன்கள் நம்ம குப்பத்திலும் உண்டுதானே! அடுத்த பள்ளிக்கூடமோ சுமார் 10 கி.மீ. தூரம். அனந்தகுமார் தாஸ் என்ற டாக்டர் தன் வீட்டில் இடமும் சாப்பாடும் கொடுத்தார். சாகா தன் தட்டைத் தானே கழுவி, மாட்டையும் கவனித்துக்கொண்டு படித்தார்.

1905ல் உதவித்தொகையுடன் டாக்கா அரசுப் பள்ளியில் சேர்ந்தார். வங்கப் பிரிவினையை எதிர்த்து, ஆங்கிலேய ஆளுநர் வருகையைப் புறக்கணித்த மாணவர்களோடு அவரும் சேர்ந்தார். உதவித்தொகையும் போச்சு, பள்ளியும் போச்சு. வேறு பள்ளியில் சேர்ந்து படிப்பைத் தொடர்ந்தார். 1911ல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். சத்தியேந்திரநாத் போஸ் அவருடைய வகுப்புத் தோழர். ஆனால் விடுதியில் சாதியைக் காரணம் காட்டி, அவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடச் சிலர் மறுத்தார்கள். அந்த வலி கடைசிவரை அவர் மனசை விட்டுப் போகவில்லை.

1920ல் நட்சத்திரங்களின் வெப்பத்தை ஒளியிலிருந்து கணக்கிட உதவும் சமன்பாட்டைத் தந்து உலகப் புகழ் பெற்றார்.

1931ல் டிராக் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி, ஒற்றைக் காந்த முனை இருக்க முடியும் என்று கடினமான கணிதத்தால் காட்டினார். அதே முடிவை 1936ல் சாகா எளிய வழியில் அடைந்தார். எப்படி? ஒரு மின்னூட்டத்தையும் ஓர் ஒற்றை முனையையும் அசையாமல் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சும்மாதான் இருக்கும். ஆனாலும் சுற்றியுள்ள மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து, சுற்றும் பம்பரத்துக்கு இருப்பது போன்ற கோண உந்தத்தைப் பெற்றிருக்கும். கிட்ட வைத்தாலும் தூர வைத்தாலும் அதன் அளவு மாறாது. குவாண்டம் விதிப்படி கோண உந்தம் படிக்கட்டு மாதிரி, இரண்டு படிக்கு நடுவில் நிற்க முடியாது. அப்படின்னா மின்னூட்டமும் படிப்படியாகத்தான் இருக்க வேண்டும்! உலகத்தில் எங்கேயாவது ஒரே ஒரு ஒற்றை முனை இருந்தால் போதும், மின்னூட்டம் ஏன் எலக்ட்ரானின் அளவிலேயே எண்ணி எண்ணி வருகிறது என்பதற்கு விடை கிடைத்துவிடும்.

நியூட்ரான் என்பது இரண்டு எதிர் முனைகள் சேர்ந்தது என்றும் அவர் நினைத்தார். அது சரியாக வரவில்லை. ஆனால் கணக்கு நிலைத்துவிட்டது. 1949ல் வில்சன் என்பவரும் இதே வழியை எழுதியபோது, 1936லேயே இதைச் செய்ததைச் சாகா எடுத்துக்காட்டினார்.

1952ல் சுயேச்சையாக நின்று நாடாளுமன்ற உறுப்பினரானார். 16.2.1956 அன்று டில்லியில், திட்டக் கமிஷன் அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பால் காலமானார்.

ஒற்றை முனையைத் தேடும் வேலை நிற்கவில்லை. 1982ல் அமெரிக்காவில் ஒரு கருவியில் ஒரே ஒரு தடவை சைகை வந்தது, மறுபடி வரவே இல்லை. கோலார் தங்கச் சுரங்கத்தில் 2 கி.மீ.க்கும் அதிக ஆழத்தில் வைத்த கருவியிலும் தேடினார்கள். ஜெனிவா ஆய்வுக்கூடத்திலும் தேடினார்கள். இதுவரை அகப்படவில்லை.

பந்தியில் ஒதுக்கப்பட்டவரின் கணக்கை இன்று உலகமே படிக்கிறது. அந்த ஒற்றை முனை இன்னும் யார் கையிலும் சிக்கவில்லை. தேடப்போவது நம்ம குப்பத்துப் பிள்ளையாகவும் இருக்கலாமே! படிப்பை மட்டும் பாதியில் விட்டுடாதீங்க நண்பர்களே.