என் டாக்டர் ஹார்ட்னல்

டாக்டர் ஹூ தொடரில் யார் சிறந்த டாக்டர் என்ற பேச்சு வந்தால் எங்கள் நண்பர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுவார்கள். ஓர் அணிக்கு டேவிட் டெனன்ட், மற்றதற்கு மேட் ஸ்மித். நான் மட்டும் வில்லியம் ஹார்ட்னல் பக்கம். கறுப்பு வெள்ளைக் காலத்துத் தாத்தாவா என்று சிரிப்பார்கள்.

1908இல் லண்டனில் பிறந்த ஹார்ட்னல், தந்தை யாரென்று அறியாமலேயே வளர்ந்தார். நடிகரான பிறகு அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கண்டிப்பான ராணுவ வீரர், முரட்டு ஆசாமி வேடங்களே. 55ஆம் வயதில்தான், இளம் தயாரிப்பாளர் வெரிட்டி லேம்பர்ட் அவரை டாக்டர் வேடத்துக்கு அழைத்தார். 1963 நவம்பர் 23ஆம் நாள் பிபிசியில் தொடர் தொடங்கியது. காலத்தில் பயணிக்கும் அந்தக் கிழவரைச் சிறுவர்கள் கொண்டாடினார்கள். அவரும் அந்த வேடத்தை உயிராக நேசித்தார்.

ஆனால் ரத்தக்குழாய் நோய் அவரை வாட்டியது. வசனங்கள் மறந்துபோயின. நாயகன் இல்லாமல் தொடர் எப்படி நடக்கும்? தயாரிப்புக் குழு ஒரு வழி கண்டது. டாக்டர் வேற்றுக்கிரகவாசிதானே, உடல் தளர்ந்தால் புதிய உருவம் பெறட்டும்! 1966 அக்டோபரில் ஹார்ட்னலின் முகம் மறைந்து, பேட்ரிக் ட்ரவுட்டனின் முகம் தோன்றியது.

1972இல் சிறப்புக் கதை ஒன்றுக்காக அவர் மீண்டும் வந்தார். அமர்ந்தபடியே, எழுதிவைத்த அட்டைகளைப் பார்த்து வசனம் பேசினார். அதுவே அவரது கடைசி நடிப்பு. 1975இல் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற இடத்தில்தான் டெனன்ட்டும் ஸ்மித்தும் வந்து நின்றார்கள். நண்பர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நான் அணி மாறவில்லை.